கடைக்குள் ஒரு சர்வர்

மற்ற கணினிகள் கேட்கும் கோப்புகளை எடுத்துக் கொடுப்பதற்கென்றே ஓயாமல் இயங்கும் கணினிக்குச் சர்வர் என்று பெயர். அது குளிரூட்டிய பெரிய அறையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டு அலமாரியிலோ கடை மேசையின் அடியிலோ இருக்கும் சிறு பெட்டியும் அந்த வேலையைச் செய்யும்.

மூன்று கணினிகள் உள்ள அச்சகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகையின் கோப்பு வடிவமைப்பவரிடமிருந்து பிழை திருத்துபவருக்கும், அங்கிருந்து அச்சுக்கும் பென்டிரைவில் போகிறது. போகும் இடமெல்லாம் ஒரு பிரதி தங்கிவிடுகிறது. கடைசியாகத் திருத்தியது எது என்று தெரியாமல், முகூர்த்த நேரம் தவறாக உள்ள பிரதி அச்சேறிவிடக்கூடும். கோப்பு ஒரே இடத்தில் இருந்து, மூவரும் அதையே திறந்து வேலை செய்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

இதற்குப் புதுக் கணினி வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 4 ஜிபி ரேம் உள்ள பழைய டெஸ்க்டாப் போதும். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. ஆனால் சர்வர் இரவும் பகலும் ஓடும் என்பதால் மின்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும். 60 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் 30 நாளில் சுமார் 43 யூனிட் எடுக்கும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி 2012இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினி 10 வாட்டில் ஓடினால் 7 யூனிட்தான். அதில் கோப்புகளை மெமரி கார்டில் வைக்காமல், தனி எஸ்.எஸ்.டி.யில் வைக்க வேண்டும். ஓயாமல் எழுதினால் கார்டு சீக்கிரம் பழுதாகும்.

இயங்குதளமாக லினக்ஸ் வகைகளான டெபியனையோ உபுண்டு சர்வரையோ நிறுவலாம். இரண்டும் இலவசம். உபுண்டுவில் நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுத்தால் 5 ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். நிறுவும்போது மட்டும் திரையும் விசைப்பலகையும் தேவை. பிறகு எஸ்.எஸ்.எச். என்ற தொலை இணைப்பு முறை வழியாக வேறொரு கணினியிலிருந்தே சர்வரைக் கையாளலாம்.

சர்வரை வைஃபையில் விடாமல், ரவுட்டருடன் லேன் கேபிளால் இணைக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 1 ஜிபி கோப்பு நகர, தடையே இல்லாவிட்டாலும் 80 விநாடி ஆகும். கிகாபிட் இணைப்பில் 8 விநாடி. ரவுட்டர், கணினிகளின் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச், கேபிள் எல்லாமே கிகாபிட் வேகத்தைத் தாங்கினால்தான் இந்தப் பலன் கிடைக்கும்.

அடுத்தது முகவரி. ரவுட்டர் தன்னோடு இணையும் கருவிகளுக்குத் தரும் ஐ.பி. முகவரி அவ்வப்போது மாறும். சர்வரின் முகவரி மாறினால் மற்றவர்களால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 192.168.1.10 என்பது போன்ற ஒரு முகவரியைச் சர்வருக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும்.

விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர உதவுவது சாம்பா என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கியது அது. சாம்பாவை நிறுவி, ஒரு ஃபோல்டரைப் பகிர்வுக்குத் திறந்துவிட்டால் விண்டோஸில் அது இன்னொரு டிரைவாகவே தெரியும். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் தருவது முக்கியம். கணக்கு வழக்கு ஃபோல்டரை உரிமையாளரும் கணக்கரும் மட்டும் திறக்கலாம். வடிவமைப்புகளை அச்சிடுபவர் பார்க்கலாம், மாற்ற முடியாது என்று வரையறுத்துக்கொள்ளலாம்.

வெளியூரிலிருந்து கோப்பு வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் இந்தப் பகிர்வை இணையத்துக்குத் திறந்துவிடுவது ஆபத்து. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை என்ற தீம்பொருள், விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து வர, வயர்கார்டு போன்ற வி.பி.என். என்னும் மறையாக்கப்பட்ட இணைப்பு வழியே சரி.

கோப்பு எழுதப்படும்போது கரண்ட் போனால் அது சிதைந்துவிடலாம். சர்வரோடு ரவுட்டரையும் ஸ்விட்சையும் யு.பி.எஸ்.ஸில் இணைக்க வேண்டும். யு.எஸ்.பி. கேபிள் உள்ள யு.பி.எஸ். என்றால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானாகவே முறையாக அணையும்படி அமைக்கலாம்.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்தபின் அந்த ஓரிடம் போனால் எல்லாமே போய்விடும். இரண்டு டிஸ்க்குகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு 1 முறை, ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும். தவறுதலாக அழித்த கோப்போ இரண்டிலும் அழிந்துவிடும். அதனால் பேக்கப் தனியாக வேண்டும்: மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வேறு கட்டடத்தில். அச்சக உரிமையாளர் வாரம் ஒருமுறை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் அந்த மூன்றாவது பிரதி தயார். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு பத்திரிகைக் கோப்பை எடுத்து, வேறு கணினியில் திறந்து, எழுத்தும் படமும் சரியாக வருகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.