எந்த உலோகத்துக்கு எந்த ஃபில்லர் ராடு?

பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்று சொல்லப்படும் டிக் வெல்டிங்கில் ஒரு கை டார்ச்சைப் பிடிக்கிறது, மறு கை கம்பியை ஊட்டுகிறது. டார்ச்சில் இருக்கும் டங்ஸ்டன் உருகாது. அதிலிருந்து பாயும் ஆர்க் தகட்டின் விளிம்புகளை உருக்க, அந்தக் குழம்பில் வெல்டர் ஃபில்லர் ராடின் நுனியைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறார். கைத்திறனைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். ஆனால் அந்த ராடு எது என்பதை ஸ்டோரில் மிச்சமிருக்கும் பாக்கெட்டே பல இடங்களில் முடிவு செய்துவிடுகிறது. ராடு தவறினால் எவ்வளவு நல்ல கையாலும் அந்த இணைப்பைக் காப்பாற்ற முடியாது.

தகடு எதுவோ அதே உலோகத்தில் ராடு வாங்கினால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. சில உலோகங்களில் அது சரி, பலவற்றில் தவறு. காரணம் எளிது. இரண்டு தகடுகளின் விளிம்பும் ராடும் ஒன்றாக உருகிக் கலந்து உறைகின்றன. உறைந்தபின் அங்கே இருப்பது இந்தத் தகடும் அல்ல, அந்த ராடும் அல்ல, புதிதாகப் பிறந்த மூன்றாவது உலோகம். அந்தக் கலவை எப்படி உறையும், வேலைக்குப் போன இடத்தில் எதைத் தாங்க வேண்டியிருக்கும் என்று பார்த்துத்தான் ராடை எடுக்க வேண்டும்.

304 எஸ்.எஸ். தகட்டை மைல்டு ஸ்டீலோடு இணைப்பதை எடுத்துக்கொள்வோம். இது பட்டறையில் அன்றாடம் வரும் வேலை. 304-இல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும். மைல்டு ஸ்டீலில் இரண்டுமே கிடையாது. கையில் 308எல் ராடு இருக்கிறது. அதில் குரோமியம் சுமார் 20, நிக்கல் சுமார் 10 சதவீதம். உறைந்த இணைப்பில் 70 பங்கு ராடு, 15 பங்கு 304, 15 பங்கு மைல்டு ஸ்டீல் என்று கலந்ததாக வைத்துக் கணக்குப் போட்டால், குரோமியம் 17-க்குக் கீழே இறங்குகிறது, நிக்கல் 8-க்குப் பக்கத்தில் நிற்கிறது. மைல்டு ஸ்டீல் பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக உருகினால் மார்ட்டென்சைட் என்ற கடினமான, எளிதில் விரிசல் விடும் அமைப்பு உள்ளே உருவாகிவிடும். அதே கணக்கை 309எல் ராடை வைத்துப் போடுங்கள். அதில் குரோமியம் சுமார் 24, நிக்கல் சுமார் 13 சதவீதம். கலந்தபின் குரோமியம் 19.5, நிக்கல் 10.3 என்று வரும். அதாவது, மைல்டு ஸ்டீல் வந்து நீர்த்துப்போகச் செய்த பிறகும் இணைப்பு நல்ல 308 போலவே உறைகிறது. எஸ்.எஸ்.-ஐ எம்.எஸ்.-ஸோடு சேர்க்க 309எல் எடு என்று மூத்த வெல்டர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். 1949-இல் அன்டன் ஷேஃப்லர் வெளியிட்ட வரைபடம் இதையே கோடு போட்டுக் காட்டுகிறது. எந்தக் கலவை எந்த அமைப்பாக உறையும் என்பதை அதில் விரலை வைத்தே பார்த்துவிடலாம்.

ராடின் பெயரைப் படிக்கத் தெரிந்தால் வேலை இன்னும் சுலபம். அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் குறியீடுதான் இங்கும் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. ஈஆர்70எஸ்-2 என்றால், முதலில் வரும் ஈஆர் இந்தக் கம்பியை எலக்ட்ரோடாகவும் ராடாகவும் பயன்படுத்தலாம் என்கிறது. 70 என்பது உறைந்த உலோகத்தின் குறைந்தபட்ச இழுவலிமை: சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 480 மெகாபாஸ்கல். எஸ் என்றால் உள்ளே ஃபிளக்ஸ் இல்லாத திடக் கம்பி. கடைசி எண் வேதிச்சேர்க்கையைக் குறிக்கிறது. எஸ்.எஸ்., அலுமினிய ராடுகளில் இந்த முறை மாறும். அங்கே எண் வலிமையைச் சொல்லாது, உலோகக் கலவையின் பெயரைச் சொல்லும்.

மைல்டு ஸ்டீலுக்கு வலிமை ஒரு பிரச்சினையே இல்லை. ஐஎஸ் 2062 தரத்தில் நாம் வாங்கும் சாதாரண ஈ250 தகட்டின் குறைந்தபட்ச இழுவலிமை 410 மெகாபாஸ்கல்தான். 70 வரிசையில் எந்த ராடும் அதைத் தாண்டி நிற்கும். இங்கே பார்க்க வேண்டியது சுத்தம். கையால் போடும் ஆர்க் வெல்டிங்கில் ராடின் மேல்பூச்சு அழுக்கை ஸ்லாக்காக மேலே தூக்கிவிடும். டிக்கில் ஃபிளக்ஸ் இல்லை. ஆர்கான் வெளிக்காற்றைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே துருவிலும் கறுப்புத் தோலிலும் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனை வெளியேற்றாது. அந்த வேலையை ராடுக்குள் இருக்கும் சிலிக்கன், மாங்கனீஸ் போன்றவைதான் செய்ய வேண்டும். 70எஸ்-6-இல் இவை இரண்டும் கூடுதல். குழம்பு நன்றாக ஓடிப் பரவும். 70எஸ்-2-இல் இவற்றோடு டைட்டானியம், சிர்கோனியம், அலுமினியமும் சேர்ந்திருக்கும். குழம்பு சற்றுக் கெட்டியாக நிற்பதால் பைப் வேலையில் ரூட் ரன் போட இதை விரும்புகிறார்கள். எந்த ராடாக இருந்தாலும் கிரைண்டரை ஓட்டி வெள்ளை உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யாமல் தொடங்கக் கூடாது. இன்னொன்று: கேஸ் வெல்டிங்குக்கு விற்கும் தாமிரப் பூச்சுக் கம்பி பார்வைக்கு அப்படியே இருக்கும், விலையும் குறைவு. ஆக்சிஜனை விழுங்கும் சரக்கு அதில் போதாது. அதை ஆர்கானில் போட்டால் பின்ஹோல் வரிசையாக வரும்.

திருச்சியில் பெல் நிறுவனத்தையும் அதைச் சுற்றியுள்ள பட்டறைகளையும் அறிந்தவர்களுக்கு பாய்லர் குழாய்களின் கதை தெரியும். அங்கே சூட்டைத் தாங்க ஸ்டீலில் குரோமியமும் மாலிப்டினமும் சேர்க்கப்பட்டிருக்கும். 1.25 சதவீதக் குரோமியம் உள்ள டி11 குழாய்க்கு 80எஸ்-பி2, 2.25 சதவீதம் உள்ள டி22-க்கு 90எஸ்-பி3, 9 சதவீதம் உள்ள டி91-க்கு 90எஸ்-பி9. இங்கே சேர்க்கை ஒன்றுக்கொன்று பொருந்தியே ஆக வேண்டும். ராடு மாறிப்போனால் வரும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. டி22 குழாயில் 70எஸ்-2 போட்டாலும் பீடு அழகாக விழும், எக்ஸ்ரே படத்தில் குறை தெரியாது, ஹைட்ரோ டெஸ்டிலும் தேறிவிடக்கூடும். படம் ஓட்டையைக் காட்டும், வேதிச்சேர்க்கையைக் காட்டாது. சூட்டிலும் அழுத்தத்திலும் மெல்ல மெல்ல நீண்டு பின்னாளில்தான் அந்த இணைப்பு கைவிடும். அதனால்தான் பொறுப்பான நிறுவனங்கள் வெல்டிங் முடிந்தபின் கையடக்கக் கருவியை வைத்து உலோகத்தின் சேர்க்கையையே சோதிக்கின்றன.

எஸ்.எஸ்.-இல் முதல் கேள்வியாக எல்லோரும் கேட்பது: 304 தகட்டுக்கு ஏன் 304 ராடு இல்லை, ஏன் 308எல்? முழுக்க ஆஸ்டெனைட்டாக உறையும் எஸ்.எஸ். சூடாக இருக்கும்போதே விரிசல் விடும் இயல்புள்ளது. கொஞ்சம் ஃபெரைட் அதில் கலந்து உறைந்தால் அந்த விரிசல் அடங்கும். அதற்கேற்பச் சேர்க்கையைக் கூட்டிக் குறைத்து வடித்ததே 308. எல் என்ற எழுத்து கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டாது என்பதற்கு உறுதி. எஸ்.எஸ். 450 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் கிடந்தால் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு படிக ஓரங்களில் போய் உட்கார்ந்துவிடும். அந்த ஓரங்களில் துருவைத் தடுக்கக் குரோமியம் மிச்சம் இருக்காது. வெல்டுக்குப் பக்கத்திலேயே பழுப்புக் கோடு விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். சாதாரண 308-க்குப் பதில் 308எல் வாங்குவதில் சூட்டு வேலைகளைத் தவிர வேறெங்கும் நஷ்டமில்லை.

316 தகட்டுக்கு 316எல்தான். அதில் உள்ள மாலிப்டினம்தான் உப்பு அரிப்பைத் தடுக்கிறது. உப்புக் கரைசல் ஓடும் சாயமேற்றும் இயந்திரத்திலும் கடலோர ஆலையிலும் 316-ஐ விலை கொடுத்து வாங்கிவிட்டு, 308எல் ராடால் இணைத்தால், தகடு நிற்கும், வெல்டில் மட்டும் குழி குழியாக அரிக்கும். 321 தகட்டில் கார்பனைக் கட்டிப்போட டைட்டானியம் சேர்த்திருப்பார்கள். ஆனால் ராடில் டைட்டானியம் வைத்தால் ஆர்க்கில் அது எரிந்துபோகும். எனவே நயோபியம் உள்ள 347 ராடு. டூப்ளெக்ஸ் 2205-க்கு 2209: தகட்டில் சுமார் 5 சதவீதம் இருக்கும் நிக்கல், ராடில் சுமார் 9. ராடைப் போடாமல் விளிம்புகளை மட்டும் உருக்கி இணைத்தால் ஃபெரைட் மிஞ்சி, இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும்.

கேட், கைப்பிடி வேலைகளில் 202 நிறைய ஓடுகிறது. அதற்கும் 308எல் போதும், எம்.எஸ். சட்டத்தோடு சேர்த்தால் 309எல். காந்தம் ஒட்டவில்லை என்பதால் 304 என்று நம்பிவிடாதீர்கள். 202-லும் ஒட்டாது.

309எல்-க்கும் ஓர் எல்லை உண்டு. எஸ்.எஸ்.-உம் ஃபெரிட்டிக் ஸ்டீலும் சூட்டில் வெவ்வேறு அளவுக்கு விரியும். பாய்லர் போல சூடாவதும் ஆறுவதுமாக இருக்கும் இடத்தில் அந்த இழுபறி முழுவதும் இணைப்பின் ஓரத்தில் விழும். அங்கே நிக்கலை அடிப்படையாகக் கொண்ட ஈஆர் என்ஐசிஆர்-3 பொருத்தமானது. அதன் விரிவு இரண்டு ஸ்டீலுக்கும் நடுவில் இருக்கிறது.

அலுமினியத்துக்கு வந்தால், தகட்டைப் போன்ற ராடு என்ற நம்பிக்கை முற்றிலும் உடைந்துபோகும். 6061, 6063 தரச் சட்டங்களில் சிலிக்கனும் மெக்னீசியமும் ஏறத்தாழ ஒரு சதவீதமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். விரிசலுக்கு மிக மோசமான அளவு இதுதான். உறையும்போது கடைசியாக மிஞ்சும் மெல்லிய திரவப் படலம் சுருங்கும் இழுப்பைத் தாங்காமல் பிளந்துகொள்ளும். சேர்க்கையை இன்னும் கூட்டினால், கடைசித் திரவம் போதிய அளவு இருந்து பிளவை நிரப்பிவிடும். அதனால்தான் 5 சதவீதம் சிலிக்கன் உள்ள 4043-உம், 5 சதவீதம் மெக்னீசியம் உள்ள 5356-உம் இங்கே பயன்படுகின்றன. மிச்சத் தகட்டில் ஒரு கீற்று வெட்டி அதையே ராடாகப் போடுவது சிக்கனம் போலத் தோன்றும். 6061-இல் அதைச் செய்வது விரிசலை விலை கொடுத்து வாங்குவதே.

இரண்டில் எது என்பதை வேலை சொல்லும். 4043 நன்றாக ஓடும், விரிசல் குறைவு, புதியவர் கைக்கும் அடங்கும். ஆனால் அனோடைஸ் செய்தால் வெல்டு மட்டும் கரும்சாம்பலாகத் திரியும். கண்ணாடிக் கதவுச் சட்டம், அலங்கார வேலை என்றால் நிறம் ஒத்துப்போகும் 5356 வேண்டும். வெட்டு வலிமையிலும் 5356 மேல். மறுபக்கம், 65 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடாகும் இடத்தில் 5356-ஐப் போடக் கூடாது. மெக்னீசியம் 3 சதவீதத்தைத் தாண்டிய இணைப்பு அந்தச் சூட்டில் நாளடைவில் அரிப்பு விரிசலுக்கு ஆளாகும். ரேடியேட்டர், இன்ஜின் பாகங்களுக்கு 4043. படகு கட்டும் 5083 தகட்டுக்கு 4043 போட்டால் மெக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்து இணைப்பை நொறுங்க வைக்கும். அதற்கு 5183 அல்லது 5356. கியர் பாக்ஸ் மூடி போன்ற வார்ப்புகளில் சிலிக்கன் ஏற்கெனவே அதிகம், எனவே 4043 அல்லது 12 சதவீதம் சிலிக்கன் உள்ள 4047. விமானத்துக்கென்று செய்த 7075-ஐ யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவதே நேர்மை. அதற்கு நம்பி ஆர்க் வைக்கக்கூடிய ராடு இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாமிரத்துக்கு ஆக்சிஜன் நீக்கிய தாமிர ராடும் நல்ல முன்சூடும். பித்தளையில் உள்ள துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துப் புகையும் என்பதால், குறைந்த சூட்டில் ஓடும் சிலிக்கன் பிரான்ஸ் ராடு. வார்ப்பிரும்புக்கு நிக்கல் ராடு, அல்லது தாய் உலோகத்தை உருக்காமல் சிலிக்கன் பிரான்ஸ். டைட்டானியத்துக்குத் தகட்டின் தரத்துக்கேற்ற டைட்டானியம். அங்கே ராடைவிட, பின்னாலும் அடியிலும் ஆர்கான் போர்த்தியிருப்பதுதான் முக்கியம். வெள்ளியாக மின்னினால் சரி, சாம்பலாக வெளுத்தால் வெட்டி எறிய வேண்டும்.

தடிமன் 1.6, 2.4, 3.2 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். தகட்டைவிடத் தடித்த ராடு குழம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். மிக மெல்லிய ராடை ஊட்டுவதற்குள் கை களைக்கும், விளிம்பும் கரையும். ஊட்டும்போது நுனியை ஆர்கான் வளையத்துக்கு வெளியே இழுக்கக் கூடாது. சிவந்த நுனி காற்றைத் தொட்டால் அந்த ஆக்சைடு அடுத்த தொடலில் இணைப்புக்குள் போகும். அலுமினிய ராடை மூடிய குழலில் வைத்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

நல்ல ராடின் ஒரு முனையில் தரம் அச்சடிக்கப்பட்டிருக்கும். அச்சில்லாத முனையிலிருந்து தொடங்கினால் கடைசித் துண்டுவரை பெயர் மிஞ்சும். அச்சு தெரியாத துண்டை முக்கியமான வேலையில் போட வேண்டாம்.

எந்த ஸ்டீல் என்றே தெரியாத பழைய பாகம் வந்தால், முதலில் காந்தம், பிறகு கிரைண்டர் பொறி. அப்போதும் தெளியவில்லை என்றால், குரோமியம் தூக்கலாக உள்ள 312 அல்லது 309எல் ராடை எடுத்து, அதே பாகத்தின் உபயோகமில்லாத ஓரத்தில் டெஸ்ட் பீஸ் போட்டு, வைஸில் பிடித்து வளைத்துப் பார்க்க வேண்டும். விரிசல் விடாவிட்டால் மட்டும் அசல் இடத்தில் டார்ச்சை வையுங்கள்.