ஆழம் குறைந்தால் கவனம் கூட வேண்டும்

துருக்கியின் இஸ்னிக் ஏரிக்குள் ஒரு பழைய தேவாலயத்தின் அடித்தளம் கிடப்பதை, வானிலிருந்து எடுத்த படங்கள் 2014-இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. கி.பி. 325-இல் கிறிஸ்தவ ஆயர்களின் முதல் பொதுச்சங்கம் கூடிய நிசேயா நகரம்தான் இன்றைய இஸ்னிக். 740-இல் வந்த நிலநடுக்கத்தில் இந்தக் கட்டடம் இடிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கண்டறிந்தபோது மேலே நின்ற தண்ணீர் சுமார் இரண்டு மீட்டர்தான். இவ்வளவு குறைந்த ஆழத்தில் யாரும் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டருடன் மூழ்குதல்) பழகலாமே என்று தோன்றும். ஆனால் ஆழம் குறையக் குறைய மூழ்குபவரால் இடிபாட்டுக்கு வரும் ஆபத்து கூடுகிறது. நீர்மட்டத்திலிருந்து பத்து மீட்டர் இறங்கினால் மூழ்குபவரின் மிதவை உடுப்பிலுள்ள காற்றின் கன அளவு பாதியாகிறது; அந்த மாற்றம் மேல் மட்டத்தில்தான் மிக வேகம். அதனால் புதியவர் ஒரு நிலையில் நிற்க முடியாமல் ஏறி இறங்குவார். துடுப்புக்காலணி ஒருமுறை தரையை உரசினால் வண்டல் கிளம்பிப் பார்வையை மறைக்கும். சுண்ணாம்புக் காரையும் பெயரலாம்.

அப்படியானால் தடை போட்டுவிடலாமா? யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை, மூழ்கிய சின்னங்களை இருக்கும் இடத்திலேயே காப்பதை முதல் வழியாகச் சொல்கிறது. சேதமில்லாத பார்வையிடலை ஊக்குவிக்கவும் செய்கிறது. மக்கள் கண்ணில் படாத சின்னத்துக்காகப் பரிந்து பேச ஆள் இருக்காது என்பதும் உண்மை. எனவே வேலையைப் பிரித்துக்கொள்வதே சரி. மணிக்கணக்கில் தரையருகே இருந்து அகழ்ந்து, அளந்து, வரைய வேண்டிய ஆய்வாளருக்குக் காற்றுச் சிலிண்டர் தேவை. பார்க்க வருபவருக்கு முகமூடியும் மூச்சுக்குழாயும் போதும். இத்தகைய ஆழம் குறைந்த இடங்களில் மேலே மிதந்தபடியே சுவர்க்கோடுகளைத் தெளிவாகக் காணலாம்.