குதிரைமலையில் ஒதுங்கிய கப்பல்

எங்கள் பள்ளிவாசல்துறைக்கு வடக்கே, கடலோரத்தில் குதிரைமலை முனை உள்ளது.

ரோம வரிக் குத்தகைக்காரர் அன்னியஸ் புளோகாமஸின் விடுதலை பெற்ற அடிமையொருவன், அரேபியக் கரையோரம் புயலில் அகப்பட்டு, 15ஆம் நாள் இலங்கையின் 'ஹிப்புரோஸ்' துறையில் ஒதுங்கினான் என்கிறார் பிளினி. அது குதிரைமலையே என்பர் ஆய்வாளர் சிலர். கிரேக்கத்தில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. அவன் காசுகளில் உருவங்கள் வெவ்வேறு, எடையோ ஒன்றே. அந்த நேர்மையை வியந்த மன்னன் ரோமுக்குத் தூதர் நால்வரை அனுப்பினானாம்.

வெறுங்கதையென்றே எண்ணியிருந்தேன். ஆனால், எகிப்தியப் பாலைவனப் பாறையொன்றில், புளோகாமஸின் அடிமை லைசாஸ் கி.பி. 6இல் தன் வருகையைப் பொறித்திருக்கிறான். இங்கு வந்தவன் அவன்தானா? கல் அதைச் சொல்லவில்லை; புளோகாமஸ் என்ற பெயர் கற்பனையல்ல என்று மட்டும் சொல்கிறது.

சரித்திர நாவல் எழுத விழையும் இளைஞர்களே, கரு நம் கரையிலேயே கிடக்கிறது. கல் சொன்னது எது, நாம் சேர்த்தது எது என்பதை மட்டும் மறவாதீர்கள்.