குளியலறை விளக்குக்கு ஒரு ஸ்விட்ச்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கு வாடகை வீடே இருப்பிடம். அவ்வீட்டில் மின்கம்பி இழுத்தவர் ஒருவர். பின்னர் அதில் கை வைத்தவர்கள் எத்தனை பேர் என்பதை எவரும் அறியார். தில்லியில் நான் குடியிருக்கும் வீட்டின் நிலையும் இதுவே. அதன் குளியலறையில் கூரை விளக்கும், முகக்கண்ணாடிக்கு மேலுள்ள சுவர் விளக்கும் ஒரே ஸ்விட்சினால் எரிந்து வந்தன. இரவில் சுவர் விளக்கு மட்டும் போதும் என்பதால், அதற்குத் தனி ஸ்விட்ச் வைக்க விரும்பினோம். வீட்டுக்காரரும் இசைந்தார்.

வந்த மிஸ்திரி வேலையை உடனே தொடங்கவில்லை. ஸ்விட்சை அணைத்தார்; சுவர் விளக்கின் பல்பைக் கழற்றினார்; ஹோல்டரின் உள்ளே டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. விளக்கு அணைந்திருந்தது, மின்சாரமோ அங்கேயே நின்றது! அந்த பல்பை நாங்கள் எத்தனை முறை ஈரக் கையோடு மாற்றியிருப்போம் என்று எண்ணியபோது உள்ளம் நடுங்கியது.

இதன் காரணம் யாது? விளக்குக்கு இரண்டு கம்பிகள் செல்லுகின்றன. மின்னழுத்தத்தைக் கொண்டு வருவது பேஸ் கம்பி. சுற்றை நிறைவு செய்வது நியூட்ரல் கம்பி. ஸ்விட்சை இவற்றுள் எதில் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும். கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. ஆனால் பேஸில் வைத்தால், அணைத்தவுடன் மின்சாரம் ஸ்விட்சோடு நின்றுவிடும். நியூட்ரலில் வைத்தாலோ, அணைத்த பின்னும் அது விளக்கு வரையில் வந்து காத்திருக்கும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இங்கே சொற்களைப் பற்றியும் ஓர் எண்ணம் எழுந்தது. நியூட்ரலை நாம் 'நடுநிலைக் கம்பி' என்கிறோம். இப்பக்கத்து மிஸ்திரிகள் பேஸை 'கரம் தார்' என்றும், நியூட்ரலை 'டண்டா தார்' என்றும் சொல்வதுண்டு. அதாவது சூடான கம்பி, குளிர்ந்த கம்பி. நடுநிலை, குளிர்ச்சி ஆகிய சொற்கள் தீங்கின்மையை நினைவூட்டுகின்றன. ஆனால் ஸ்விட்சைக் குளிர்ந்த கம்பியில் வைத்து அணைத்தால், பல்பின் வழியே மின்னழுத்தம் பரவி, ஸ்விட்ச் வரையுள்ள அந்தத் துண்டும் சூடான கம்பியாகிவிடும். பெயரை நம்பித் தொடுதல் ஆகாது. கம்பியின் நிறத்தையும் முற்றிலும் நம்புவதற்கில்லை. பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்பது நெடுங்கால வழக்கமாயினும், கையில் கிடைத்த கம்பியைக் கொண்டு வேலையை முடித்தவர்களும் உண்டு.

குளியலறையில் இத்தவறு ஏன் பெரிதாகிறது? உலர்ந்த தோல் மின்சாரத்தைப் பெரிதும் தடுக்கும். நனைந்த உடலின் தடையோ ஏறக்குறைய ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடக் கூடும். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். எனவே உடலில் 230 மில்லி ஆம்பியர் வரை பாயலாம். அதனினும் மிகக் குறைந்த அளவே இதயத்தைத் தடுமாறச் செய்யும். விளக்குச் சுற்றில் உள்ள எம்.சி.பி.யின் அளவோ பெரும்பாலும் 6 ஆம்பியர், அதாவது 6,000 மில்லி ஆம்பியர். அது கம்பியைக் காக்க அமைந்தது. மனிதனைக் காக்க அன்று. மனிதனைக் காக்க, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி வேண்டும். ஆயினும் ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் ஒருங்கே பற்றினால் அதுவும் அறியாது போகலாம். ஆகையால் சரியான இணைப்பே முதற்காவல்.

இனி, வேலையின் முறையைக் கூறுவேன். முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்தல் வேண்டும். புதிய ஸ்விட்சைக் குளியலறைக் கதவுக்கு வெளியே உள்ள பலகையிலேயே பொருத்துவது நன்று. ஈரக் கை அங்கே எளிதில் எட்டாது. பலகையில் உள்ள பேஸிலிருந்து புதிய ஸ்விட்சுக்கு ஒரு கிளை. அந்த ஸ்விட்சிலிருந்து குழாயின் வழியே சுவர் விளக்குக்கு ஒரு தனிக் கம்பி. பழைய ஸ்விட்சிலிருந்து சுவர் விளக்குக்குச் சென்ற இணைப்பை நீக்கிவிட வேண்டும். நியூட்ரல் இரு விளக்குகளுக்கும் பொதுவாக இருக்கலாம். விளக்கின் உடல் உலோகமாயின் எர்த் கம்பியை இணைக்காமல் விடலாகாது. 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியும், 6 ஆம்பியர் ஸ்விட்சும் இதற்குப் போதும்; இரண்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும்.

இவற்றை நீங்களே செய்யுமாறு நான் கூறவில்லை. பழுதான பல்பையோ ஸ்விட்சையோ மாற்றுவது வேறு. புதிய இணைப்பைச் சேர்ப்பது வேறு. சேர்க்கும் வேலை உரிமம் பெற்றவருக்கே உரியது என்பது 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது; மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் அதையே கூறுகின்றன. நீங்கள் செய்ய வேண்டுவது, கேட்பதும் பார்ப்பதுமே. வேலை முடிந்தபின், "ஸ்விட்ச் கரம் தார் மே ஹை நா?" என்று கேளுங்கள். இந்தி வழங்காத ஊரில் பேஸ் என்ற சொல்லே போதும். ஸ்விட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரில் டெஸ்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அது எரியாதிருத்தல் வேண்டும். ஆனால் அதே டெஸ்டர் வேறோர் இடத்தில் எரிவதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; பழுதான டெஸ்டரும் எரியாதல்லவா?

இன்னும் ஓர் அடையாளம் உண்டு. அணைத்த பின்னும் எல்.இ.டி. பல்பு இருளில் மங்கலாக ஒளிர்ந்தால், ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கக் கூடும். வேறு காரணங்களும் உண்டாயினும், அதைச் சோதிக்காமல் விடுதல் நன்றன்று.

எங்கள் வீட்டில் அன்று சரி செய்யப்பட்டது ஒரு ஸ்விட்ச் மட்டுமன்று. மிஸ்திரி பலகையைத் திறந்து பார்த்தபோது, சமையலறை விளக்கும் அவ்வாறே இணைக்கப்பட்டிருந்தது. இன்று மாலை உங்கள் வீட்டு விளக்கை அணைக்கும்போது, அணைந்தது ஒளி மட்டுமா, மின்சாரமுமா என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.