ஓராண்டு கழிந்தபின் ஒரு கேள்வி

சத்திரசிகிச்சை எப்பொழுது முடிவுறுகின்றது? புண்ணைத் தைத்துக் கட்டியபொழுதா? நோயாளர் கண் விழித்து நீர் கேட்டபொழுதா? வைத்தியசாலையின் வாயிலைக் கடந்து அவர் வீடு நோக்கிப் புறப்பட்டபொழுதா? வீடு சென்றவர் ஓராண்டு கழிந்தபின் நலமாய் இருக்கின்றாரா, முன்போல் உழைத்து உண்கின்றாரா என்பதை அறிந்த பின்னரே அது முடிவுறுகின்றது என்றார் ஒரு சத்திரவைத்தியர். சொன்னதோடு அமையாது, தம்முடைய ஊர் வைத்தியர் அனைவரும் அவ்வாறே கேட்டறிதல் வேண்டுமென வற்புறுத்தினார். அவ் வற்புறுத்தலின் பொருட்டு அவர் இழந்தவை பல. 1869ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே பிறந்த எர்னெஸ்ற் அமரி கொட்மன் என்பாரே அவர்.

சத்திரசிகிச்சையின் பெறுபேறுகளை ஆராய்தல் இன்று மருத்துவத்தின் தனித்துறையாய் வளர்ந்துவிட்டது. நாடுகள் தோறும் அதற்கெனக் கணக்குகள் திரட்டப்படுகின்றன, ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. அத்துறைக்கு வித்திட்டவர்களுள் முன்னிற்பவர் கொட்மன். அவர் வரலாற்றை அறிந்துகொள்வது, வைத்தியரல்லாத நமக்கும் பயன் தருவதாகும். ஏனெனில், நாம் அனைவரும் என்றோ ஒரு நாள் நோயாளராகப் போகின்றவர்களே.

பந்தயத்திற் பிறந்த கணக்கு

பொஸ்ரனிலுள்ள மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலை மருத்துவ வரலாற்றிலே புகழ்பெற்றது. ஈதர் என்னும் மயக்கமருந்தை முகரச் செய்து நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பது 1846ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆம் நாள் பலர் முன்னிலையிற் காட்டப்பட்டது அங்கேதான். ஆயின், அதன்பின் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சென்றும், அம் மருந்தைக் கொடுக்கும் பொறுப்பு அனுபவமற்ற மாணவர் கையிலேயே விடப்பட்டிருந்தது.

அவ்வாறு விடப்பட்ட மாணவர் இருவர் கொட்மனும், பிற்காலத்தில் மூளைச் சத்திரசிகிச்சையிற் பெரும்புகழ் எய்திய ஹார்வே குஷிங்கும் ஆவர். குஷிங் ஈதர் கொடுத்த நோயாளர் ஒருவர் அங்கேயே உயிர் நீத்தார். அத் துயரம் இளைஞரின் மனத்தை வாட்டியது. நண்பர் இருவரும் தம்முள் ஒரு பந்தயம் கட்டினர். எவர் மயக்கமருந்து கொடுத்த நோயாளர் நன்னிலையில் மீள்கின்றனரோ அவருக்கு மற்றவர் விருந்தளித்தல் வேண்டும். பந்தயம் என்று வந்தபின் கணக்கு வேண்டுமன்றோ? ஆதலின் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாடித்துடிப்பையும் மூச்சின் எண்ணிக்கையையும் தாளிலே குறித்தனர். 1894ஆம் ஆண்டளவில் எழுந்த அத் தாள்கள், மயக்கமருந்து பற்றி உலகில் எழுந்த முதற் பதிவுகளுள் வைத்து இன்று எண்ணப்படுகின்றன.

கணக்கு எழுதாதவரை ஒவ்வொரு வைத்தியரும் தம்மையே வல்லவரென எண்ணிக்கொள்ளலாம். எழுதத் தொடங்கியபின் அவ்வாறு எண்ணுதல் எளிதன்று. மாணவப் பருவத்திலே பெற்ற இவ் வறிவு கொட்மனை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

அட்டையும் வினாவும்

சத்திரவைத்தியராய் உயர்ந்த கொட்மன், தாம் சிகிச்சை செய்த ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வைத்தார். நோயாளர் என்ன குறையோடு வந்தார், நோய் இன்னதென முதலில் எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது, என்ன சிகிச்சை செய்யப்பட்டது, இடையில் என்ன சிக்கல் நேர்ந்தது, வெளியேறும்போது நோய் எதுவெனத் தெளிந்தது என்பனவெல்லாம் அதிற் குறிக்கப்பட்டன. ஓராண்டு கழிந்தபின் அந் நோயாளரைத் தேடிப்பிடித்து, அவர் நிலையை அறிந்து, அதனையும் அவ்வட்டையிலே எழுதினார். பயன் கிட்டவில்லையெனின், ஏன் கிட்டவில்லை என்ற வினா எழுந்தது. குறை நோயினதா, வைத்தியரதா, கருவியினதா, பராமரிப்பினதா? இதனையே அவர் 'இறுதி விளைவு' முறை என அழைத்தார்.

மிக எளிய கருத்து. ஒரு சிறு வணிகரும் தம் பொருளை வாங்கியவர் நிறைவடைந்தாரா என விசாரிக்கின்றார். ஆயின், அக்கால வைத்தியசாலைகள் ஆண்டறிக்கையிலே எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேருக்குச் சிகிச்சை நடந்தது என்பவற்றைப் பெருமையோடு அச்சிட்டனவேயன்றி, எத்தனை பேர் குணமடைந்து வாழ்கின்றனர் என்பதை ஆராய்ந்தனவல்ல. வைத்தியரின் பதவியுயர்வும் சேவைமூப்பைப் பொறுத்தே அமைந்தது. மூப்பு ஒன்றே தகுதியாயின் விளைவைக் கணக்கிடுவதாற் பயன் யாது என வினவிய கொட்மன், 1914ஆம் ஆண்டு அப் பெருவைத்தியசாலையிலிருந்து விலகினார். விலகியவர், தம்முடைய சிகிச்சைகளின் விளைவுகள் மற்றையோருடையவற்றினும் சிறந்தன என்று காட்டி, தம்மையே தலைமைச் சத்திரவைத்தியராய் நியமிக்குமாறு விண்ணப்பமும் செய்தார். அவ் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நூற்றிருபத்துமூன்று பிழைகள்

இதற்கு முன்னரே, 1911ஆம் ஆண்டில், அவர் தமக்கென ஒரு சிறிய வைத்தியசாலையை நிறுவியிருந்தார். அங்கே 1916ஆம் ஆண்டுவரை சிகிச்சை பெற்று வெளியேறியோர் 337 பேர். அவர்களின் வரலாற்றை ஒன்றும் ஒளியாது ஆராய்ந்து, 123 பிழைகள் நேர்ந்தன எனக் கணக்கிட்டு, தம் செலவிலே நூலாக அச்சிட்டு வெளியிட்டார் கொட்மன். கைத்திறன் இன்மையால் நேர்ந்தவை, தீர்மானக் குறைவால் நேர்ந்தவை, நோயைச் சரிவர அறியாமையால் நேர்ந்தவை, கவனமும் கருவியும் போதாமையால் நேர்ந்தவை எனப் பிழைகளை வகுத்தார். தமது கை செய்த பெரும்பிழை ஒன்றையும், அதனை அவ்வேளை தாம் உணராமற் போனதையும் சேர்த்தே அச்சேற்றினார். மற்றைய வைத்தியசாலைகளும் இவ்வாறு தம் பிழைகளை வெளியிடுக என அறைகூவினார். அவற்றிடமிருந்து அத்தகைய நூல் எழவில்லை.

பிழையை ஒப்புக்கொள்வது இழிவன்று என வகுப்பறையிலே நாம் போதிக்கின்றோம். ஆனால், பிழையை எண்ணி, வகுத்து, அச்சிட்டு, அதனையே தம் தொழிலின் விளம்பரமாகவும் வைத்த மனிதர் எத்துணை அரியர்!

மணலிலே தலை புதைத்த தீக்கோழி

கொட்மனிடத்துக் குறை இல்லாமலில்லை. பொறுமை அவருக்குச் சிறிதும் இல்லை. 1915ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், பொஸ்ரன் நகர வைத்தியர் கூட்டமொன்றை அவரே தலைமை தாங்கி நடத்தினார். நகர மேயரும் அங்கே சமுகமளித்திருந்தார். கூட்டத்தின் முடிவிலே பெரியதொரு கேலிச் சித்திரத்தைத் திரைநீக்கிக் காட்டினார். நகரத்துச் செல்வர் தீக்கோழியாய் மணலிலே தலையைப் புதைத்துக்கொண்டு, பொன் முட்டைகளைப் பின்னே நிற்கும் வைத்தியரிடம் உதைத்துத் தள்ளுகின்றனர். உண்மையை அறிந்தால் இப் பறவை முட்டையிடுமோ இடாதோ எனப் பெரியோர் சிந்தித்து நிற்கின்றனர். இதுவே சித்திரத்தின் பொருள்.

சபை கொதித்தெழுந்தது. சங்கத்தின் தலைமைப் பதவி பறிபோயிற்று. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஆசிரியப் பதவியும் போயிற்று. நண்பர் பலர் விலகினர், வருவாய் சுருங்கிற்று. சொன்ன உண்மை சொன்ன முறையினாற் சிதைந்தது என்பாரும் உளர். பணிவாய்ச் சொல்லியிருப்பின் கேட்டிருப்பார்களோ என்பது ஐயத்துக்குரியது.

அவ் வையத்துக்கு விடைபோல அமைந்தது நான்கு ஆண்டுகளின் பின் நிகழ்ந்ததொன்று. 1913ஆம் ஆண்டில் உருவான அமெரிக்கச் சத்திரவைத்தியர் கல்லூரி, கொட்மனின் தூண்டுதலை ஓரளவு ஏற்று, வைத்தியசாலைகளுக்கு ஆகக்குறைந்த தரம் ஒன்றை வகுத்தது. நூறு கட்டிலும் அதற்கு மேலும் உடைய 692 வைத்தியசாலைகளைப் பார்வையிட்டபோது, அத் தரத்தை எட்டியவை 89 மாத்திரமே. பேர்பெற்ற பல நிலையங்களும் தவறியிருந்தன. தொகையை வெளியிட்டனர், பெயர்ப் பட்டியலையோ, 1919ஆம் ஆண்டு, நியூயோர்க்கிலுள்ள வால்டோர்வ் அஸ்ரோரியா விடுதியின் உலையிலே இட்டு எரித்துவிட்டனர்!

நீதியான கணக்கு எது?

எரித்தோரைப் பழிக்குமுன் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொறுக்கியெடுத்த மாணவரை வைத்துக் கற்பிக்கும் ஆசிரியரின் பெறுபேற்றையும், பசியோடு வரும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியரின் பெறுபேற்றையும் ஒரே தட்டில் நிறுத்தல் நீதியாகுமா? வைத்தியசாலைக்கும் அஃதே. கடும் நோயாளரையும் முதியோரையும் மறுக்காது ஏற்கும் இடத்திலே மரணம் மிகுதியாய்த் தோன்றும். வெறுந் தொகையை வெளியிட்டால், இடர் மிகுந்த நோயாளரைத் தொடவே வைத்தியர் அஞ்சுவர்.

இச் சிக்கலுக்கு வழி கண்டது அமெரிக்காவின் முன்னாட் போர்வீரருக்கான வைத்தியசாலைகளின் ஆய்வு. 1991ஆம் ஆண்டு 44 வைத்தியசாலைகளில் அது தொடங்கிற்று. பயிற்சி பெற்ற தாதியர், சிகிச்சைக்கு முன் நோயாளரின் நிலை எத்துணை மோசமாயிருந்தது என்பதைக் குறித்தனர். அந் நிலையில் எத்தனை மரணம் எதிர்பார்க்கத்தக்கது என்பதைக் கணித்து, நிகழ்ந்ததை அதனோடு ஒப்பிட்டனர். ஏறக்குறையப் பத்தாண்டுகளில், சத்திரசிகிச்சையின் பின் முப்பது நாளுள் நிகழும் மரணம் 27 வீதமும், சிக்கல்கள் 45 வீதமும் குறைந்தன. எனினும், கொட்மன் கேட்ட ஓராண்டு இங்கே முப்பது நாளாய்ச் சுருங்கிவிட்டதைக் காண்க.

2009ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வொன்று வெளிவந்தது. ரொறன்ரோ, புதுடில்லி, அம்மான், ஓக்லாந்து, மணிலா, இஃபக்காரா, இலண்டன், சியாற்றில் ஆகிய எட்டு ஊர்களின் வைத்தியசாலைகளில், பத்தொன்பது விடயங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் பயன்படுத்தப்பட்டது. மயக்கமருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளர் அறையை விட்டு நீங்குமுன் என மும்முறை நிறுத்தி வாய்விட்டுக் கேட்டறிதல் அதன் முறை. இவர் யார், செய்யப்போவது எந்த உறுப்பில், பஞ்சுத் துணிகளின் எண்ணிக்கை சரியா என்பன போன்ற எளிய வினாக்களே அவை. மரணம் 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகவும், சிக்கல்கள் 11 வீதத்திலிருந்து 7 வீதமாகவும் இறங்கின. ஆனால், கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்திலே 101 வைத்தியசாலைகளில் அப் பட்டியல் புகுந்தபின் நடந்த, 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, குறிப்பிடத்தக்க மாற்றம் எதனையும் காணவில்லை. தாளிலே கோடிடுவது வேறு, உளமாரக் கேட்பது வேறு என்பாரின் வாதம் இதனால் வலுப்பெற்றது.

இங்கிலாந்திலோ 2009ஆம் ஆண்டு முதல், இடுப்பு மூட்டும் முழங்கால் மூட்டும் மாற்றிக்கொண்டோரிடம் ஆறு மாதம் கழித்து வினாத்தாள் அனுப்பி, நோவு குறைந்ததா, நடக்க முடிகின்றதா என அவர்கள் வாய்மொழியையே கேட்கும் வழக்கம் தோன்றியது. கொட்மனின் அட்டைக்கு மிக நெருங்கிய உறவு இது.

கொட்மன் 1940ஆம் ஆண்டு மறைந்தார். பெயர் பொறித்த கல்லும் இன்றி, மவுண்ற் ஓபேர்ண் இடுகாட்டிலே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 2014ஆம் ஆண்டிலேதான், அமெரிக்கச் சத்திரவைத்தியர் கல்லூரியும் பிறரும் சேர்ந்து அங்கே ஒரு கல்லை நாட்டினர். அக் கல்லினும் சிறந்த நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. வைத்தியசாலையை விட்டு நீங்கி நெடுநாட் கழிந்தபின், ஒரு நோயாளரைத் தேடி வந்து, 'இப்பொழுது எப்படி இருக்கின்றீர்கள்?' என எவரேனும் கேட்டு, விடையை எழுதிக்கொண்டு போவாராயின், அதுவே அச் சின்னம்.