அப்பாவின் பிறப்புப் பத்திரம் எங்கே?

இலங்கையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்வி ஆகியவற்றோடு அது நின்றுவிடாது. பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப்பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். தகப்பன் அங்கே பிறக்காமல், பூட்டனார் பிறந்திருந்தால் அவர் விவரத்துக்கு இன்னொரு கட்டம். பிறந்து சில நாளே ஆன சிசுவிடம் மூன்று தலைமுறைக் கணக்கைக் கேட்கிற தாள் அது.

இந்தக் கட்டங்கள் சும்மா வந்தவை அல்ல. 1948 நவம்பர் 15-ல் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அந்தத் தேதிக்கு முன் அங்கே பிறந்த ஒருவரை வம்சாவளிக் குடிமகனாக ஏற்பதற்கு நிபந்தனை போட்டது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டன், பூட்டன் இருவரும் பிறந்திருக்க வேண்டும். சட்டம் கேட்ட கேள்விக்குப் பதிலைப் பிறப்புப் பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, குடியுரிமை எல்லாம் அந்த ஒரு தாளின் மேல்தான் நிற்கின்றன.

நாட்டை விட்டு வந்த இடத்தில் அந்தத் தாள் தொலைந்துபோனால் என்ன ஆகும்? பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் திருச்சி கொட்டப்பட்டிலும் உள்ள முகாம்களில் இந்தக் கேள்வியோடுதான் மூன்று தலைமுறை வாழ்ந்துகொண்டிருக்கிறது.

கடலோடு போனவை

1983 ஜூலை தொடங்கி 2012 ஆகஸ்ட் வரை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அகதிகளாக வந்தவர்கள் 3,04,269 பேர் என்பது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. பெரும்பாலோர் மன்னார்க் கரையிலிருந்து படகேறியவர்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அதை ராத்திரியில், கடற்படையின் கண்ணில் படாமல், பிள்ளைகுட்டிகளோடு கடக்க வேண்டும். கரைவரை வந்தால் ஆபத்து என்று நடுவிலிருக்கும் மணல்திட்டில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய படகோட்டிகளும் உண்டு. பாலிதீன் பையில் சுற்றி இடுப்போடு கட்டிவந்த பத்திரங்கள் தப்பின. பெட்டியில் வைத்தவை நனைந்தன. படகேறும் முன்பே ஊர்விட்டு ஊர் நாலைந்து முறை ஓடியவர்களுக்கு, எந்த ஊரில் எதை விட்டோம் என்பதே நினைவில்லை.

ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. இங்கே இருப்பவர்களிடம் முகாம் அடையாள அட்டை இருக்கிறது. மாதாந்திரப் பணக்கொடை வருகிறது. ஆதாரும் உண்டு. ஆனால் ஆதார் குடியுரிமைக்கு ஆதாரமல்ல. இவர்கள் எந்த நாட்டவர் என்று சொல்லும் தாள்தான் பல குடும்பங்களில் இல்லை.

இங்கே பிறந்த பிள்ளை

இலங்கைக் குடிமகனாகப் பிறந்து, பிறப்பைப் பதிந்தவருக்குப் பத்திரம் தொலைந்தால் தொலைந்தது தாள்தான். பதிவேட்டில் வரி இருக்கிறது, குடியுரிமையும் இருக்கிறது. சிக்கல் அடுத்த தலைமுறையில் முளைக்கிறது.

வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை, பெற்றோர் இலங்கையர் என்பதாலேயே இலங்கையர் ஆகிவிடுவதில்லை. குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின்படி ஓராண்டுக்குள் தூதரகம் வழியாகவோ கொழும்பிலோ பதிய வேண்டும். பிந்தினால் தக்க காரணம் காட்டி, அமைச்சரின் அனுமதியோடுதான் பதியலாம். 2003 வரை தகப்பன் இலங்கைக் குடிமகனாக இருந்தால்தான் இந்தப் பதிவு. அந்த ஆண்டில் வந்த 16-ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் தாய்வழியையும் சேர்த்தது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன். அந்தத் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 1990-ல் ராமநாதபுரம் மாவட்ட ஆஸ்பத்திரியில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்ட ஒருவர், பெற்றோர் இருவரும் அகதிகள் என்றால், இந்தியரில்லை. பதிவு நடக்காதவரை அவர் இலங்கையருமில்லை. பதியலாம் என்று விண்ணப்பத்தோடு சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போனால், அப்பாவின் பிறப்புப் பத்திரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். தகப்பனுக்குத் தொலைந்தது ஒரு தாள். பிள்ளைக்கு அதனால் ஒரு நாடே கிடைக்காமல் நிற்கிறது.

ஏட்டைத் தேடி

நல்லவேளையாக, பிறப்புப் பத்திரம் என்று நாம் வைத்திருப்பது பதிவேட்டிலுள்ள பதிவின் உறுதிசெய்த நகல்தான். பிறந்த வருடம் வாங்கிய நகலுக்கும் நாற்பது வருடம் கழித்து வாங்கும் நகலுக்கும் மதிப்பில் வேறுபாடில்லை. பதிவாளர் பிரிவு, பதிவு இலக்கம், பதிவு நாள் ஆகிய மூன்றும் தெரிந்திருந்தால், ஊரிலிருக்கும் சொந்தக்காரர் ஒருவர் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து வாங்கி அனுப்பிவிடலாம். கணினியில் ஏற்றிய பதிவுகளுக்கு எந்தப் பிரதேச செயலகத்திலும் நகல் கேட்க முடியும்.

இலக்கம் தெரியாவிட்டால் ஏட்டைப் புரட்டித் தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சொந்த ஊர் தெரியும். பிறப்பைப் பதிந்த இடம் தெரியாது. பிறப்பு, நிகழ்ந்த இடத்தில்தான் பதியப்படும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்திருக்கும். ஆஸ்பத்திரி இன்னொரு ஊரில் இருந்திருக்கும். கிளிநொச்சியில் வளர்ந்தவரின் பதிவு யாழ்ப்பாணத்து ஏடொன்றில் கிடக்கும். சொல்லக்கூடிய பாட்டி முகாமிலேயே காலமாகியிருப்பார்.

ஏடே இல்லாமல் போன இடங்களும் உண்டு. போரில் வடக்கு, கிழக்கின் பல அரசு அலுவலகங்கள் நாசமாயின. யாழ்ப்பாணத்துப் பழைய கச்சேரி எனும் மாவட்டச் செயலகக் கட்டடம் நெடுங்காலம் இடிபாடாகவே நின்றது. பதிவின் இன்னொரு பிரதி கொழும்பில் பதிவாளர் நாயகத்தின் மத்திய காப்பகத்துக்குப் போயிருக்கும் என்பது ஒரு வழி. அங்கேயும் இல்லையென்றால் காலங்கடந்த பதிவு, அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ். அதற்குப் பள்ளிக்கூடப் பதிவு, கிராம அலுவலரின் உறுதி என்று துணை ஆவணங்கள் திரட்ட வேண்டும். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகம் கைகொடுப்பதுண்டு.

முகாமில் கூலிவேலைக்குப் போகும் ஒருவரால் இவ்வளவையும் தனியாகச் செய்ய முடியாது. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களிலேயே தொண்டர்களை வைத்து விண்ணப்பங்களைத் திரட்டித் துணைத் தூதரகத்தோடு பேசிப் பிறப்புப் பத்திரங்களும் குடியுரிமைச் சான்றிதழ்களும் வாங்கித் தந்திருக்கிறது.

ராசாவா, ராஜ்-ஆ?

பதிவு கிடைத்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. ஊரில் அவர் 'கந்தையா செல்வராசா'. முகாமில் பெயர் பதிந்த எழுத்தர் தமிழ்நாட்டுக்காரர். காதில் விழுந்ததை 'க. செல்வராஜ்' என்று எழுதிவிட்டார். பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'செல்வராஜா'. ஆதாரின் ஆங்கில எழுத்தில் இன்னொரு விதம். துணைத் தூதரகத்து மேசையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தால் நாலு தகப்பன்மார். எல்லாரும் ஒருவரே என்று நிறுவ, அங்கே சத்தியக் கடதாசி என்று சொல்லும் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். சில நேரம் இங்குள்ள ஆவணத்தையே முதலில் திருத்திவரச் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளையின் சான்றிதழிலும் ஓட்டைகள் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்ப் பிறப்பு பதிவாகிவிடும். பெயர்க் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். பதிவிலிருந்து 15 ஆண்டுக்குள் பெயர் சேர்க்க விதி இடம் தருகிறது. அதை அறியாமல் விட்டவர்கள் ஏராளம். வீட்டில் பிறந்து ஓராண்டு வரை பதியாமலே விட்டால், நடுவரின் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். பிறகு பெற்றோரின் கல்யாணம். கோயிலில் தாலி கட்டி, முகாமே கூடி விருந்து சாப்பிட்டிருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு யாரும் போயிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டமே 2009-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பெற்றோர் விவாகமானவர்களா என்று கேட்கும் இலங்கைப் பத்திரத்துக்கு முன்னால் கோயில் கல்யாணம் மட்டும் போதாது.

மலையகத்தாரின் நிலை

இதுவரை சொன்னதெல்லாம் எங்கோ ஓர் ஏட்டில் பதிவு இருக்கிறது என்ற நம்பிக்கையில். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் பலருக்கு அந்த நம்பிக்கைக்கே இடமில்லை. தகப்பன், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததைக் காட்டு என்று 1948-ல் கேட்டபோது, தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அந்த ஆவணம் இருந்திருக்கும்? 1949-ல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது. அதற்கும், மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் இடைவெளியின்றி அங்கே வசித்ததை எழுத்தில் காட்ட வேண்டும். விண்ணப்பித்தவர்களில் சிறுபகுதியினரே தேறினர்.

1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. 1974-ல் அந்த மீதியை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். 1984-ல் தலைமன்னார் – ராமேஸ்வரம் கப்பல் நின்றதும், இந்தியக் குடியுரிமை பெற்றவர்களே வந்துசேர முடியாமல் அங்கே தங்கிப்போனார்கள். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னியில் குடியேறிய குடும்பங்கள், அங்கிருந்தும் துரத்தப்பட்டு, மற்றவர்களோடு படகேறி அகதிகளாக வந்தன. இந்தியா தன் குடிமக்களாக ஏற்க ஒப்புக்கொண்ட சமூகத்தவர்கள், இந்தியாவிலேயே அகதி முகாமில்.

2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை தந்தது. தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டவர்களுக்கு 'நிரந்தரமாக வசித்தவர்' என்ற சொல் தடையானது. 2009-ல் திருத்தம் செய்து அவர்களையும் சேர்த்தார்கள். ஆனாலும் 1964-ல் பாட்டன் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதை எதைக் கொண்டு காட்டுவது?

இரண்டு வாசல், ஒரே கேள்வி

எல்லாரும் திரும்பிப் போக விரும்புகிறார்கள் என்றில்லை. இங்கே பிறந்தவர்களில் பலர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. இந்தியக் குடியுரிமைதான் வேண்டும் என்கிறார்கள். 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுகொண்டது. இலங்கை அதில் இல்லை. 2025-ல் வந்த மத்திய அரசு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. வழக்கு பயம் தீர்ந்தது; குடியுரிமை வரவில்லை.

கதவு திறந்த இடத்திலும் திறந்தது ஒரு சான்றிதழ்தான். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த பெண் ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் என்பதற்கு அவரிடம் ஆதாரம் இருந்தது. 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். அதே முகாமில் அதே ஆண்டு பிறந்து, பதிவு செய்யாமல் விட்டவருக்கு அதே சட்டம் இருந்தும் பயனில்லை.

இதற்கிடையே ஒரு தயக்கமும் உண்டு. பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்கினால், நாளை இந்தியக் குடியுரிமை கேட்கும்போது அதையே காட்டி மறுப்பார்களோ என்று அஞ்சிச் சில பெற்றோர் தூதரகப் பக்கமே போவதில்லை. எந்த நாடு என்பதை அவர்கள் நிதானமாக முடிவு செய்யட்டும். ஆனால் பிறப்பைப் பதிவது, காலியான பெயர்க் கட்டத்தை நிரப்புவது, கல்யாணத்தைப் பதிவது, அப்பாவின் பதிவு இலக்கத்தைத் தேடி எழுதி வைப்பது ஆகிய நாலும் எந்த வாசலுக்குப் போனாலும் வேண்டியவை. ஊர் விவரம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டியவை.

குடும்பங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மீதி அரசுகளின் வேலை. கரையேறிய ஒவ்வொரு குடும்பத்தின் ஊர், பெயர், வயது விவரங்களைத் தமிழக அரசு முகாம்களில் எழுதி வைத்திருக்கிறது. அந்த ஊர்களின் பிறப்பு ஏடுகள் இலங்கையின் பதிவாளர் நாயகத்திடம் இருக்கின்றன. இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், பெயரில் ஓரெழுத்து மாறினாலும் ஊரும் உறவும் வயதும் யார் யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். 1964-ல் ஒன்பதே முக்கால் லட்சம் பேரை அவர்களைக் கேட்காமலே பங்கிட இரண்டு அரசுகளால் முடிந்தது. இப்போது மிஞ்சியிருப்பவர்களின் பெயர்களைச் சரிபார்த்துத் தருவது அதைவிடப் பெரிய வேலையல்ல.