புதுப்பித்தலின்போது மறைந்துபோகும் பொதிகள்

கடுகண்ணாவையிலிருந்து பேசுகிறேன்.

லினக்ஸ் கணினியைப் புதுப்பிக்க எண்ணிக் கட்டளை கொடுத்த ஒருவர், வேலை முடிந்து கணினியை மறுபடி இயக்கும்போது, முன்னர் இருந்த செயலிகளில் சில இல்லாமற் போயிருப்பதைக் கண்டு திகைக்கும் சந்தர்ப்பத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். மறைவது சில வேளைகளில் ஏதோ ஒரு சிறு செயலி. சில வேளைகளிலோ சாளரங்கள், பட்டிகள், சின்னங்கள் யாவற்றையும் தாங்கி நிற்கும் பணிமேடையே மறைந்து, கறுப்புத் திரையிலே பயனரின் பெயரைக் கேட்கும் ஒற்றை வரி மாத்திரம் எஞ்சி நிற்கும். அந்த வரியைக் கண்டதும் பெரும்பாலானோர் செய்வது, வன்தட்டை முற்றாகத் துடைத்து, லினக்ஸை ஆதியிலிருந்து மறுபடி நிறுவுவதாகும். அது அநாவசியமான காரியம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கைத்தொலைபேசியின் டேட்டாவை அளந்து அளந்து செலவிடும் குடும்பத்திலே, ஒரே மடிக்கணினியை அண்ணனும் தங்கையும் மாறி மாறிப் படிப்புக்குப் பாவிக்கும் வீட்டிலே, அது பெரும் நஷ்டமும் ஆகும். அதனினும் பெரிய நஷ்டம், செயலிகள் ஏன் போயின என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியமும் அந்தத் துடைப்போடு அழிந்துவிடுவது.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகிய குடும்பத்திலே ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாக வருகிறது. அந்தப் பொதி, தான் இயங்குவதற்கு இன்னின்ன பொதிகள் இன்னின்ன பதிப்பில் இருத்தல் அவசியம் என்றும், இன்னின்னவற்றோடு தான் ஒருங்கே இருத்தல் இயலாது என்றும் தன் முகப்பிலேயே எழுதிவைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான பொதிகளின் இந்த நிபந்தனைகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் திருப்திப்படுத்தும் ஒரு சேர்க்கையைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஆப்ட் என்னும் கருவியின் உத்தியோகம். நாம் கேட்ட ஒன்றைத் தருவதற்கு இன்னொன்றை விலக்குவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லையென்று கணக்கு முடிந்தால், அது விலக்கும் பட்டியலை நம்முன் வைக்கிறது. ஆகவே, பொதிகள் அழிவது பெரும்பாலும் கருவியின் பிழையன்று. கேள்வியிலோ, பொதிகள் வந்த களஞ்சியத்திலோ இருக்கும் பொருத்தமின்மைக்குக் கிடைத்த விடையே அது. விடையை மாத்திரம் திருத்தி, பொருத்தமின்மையை அப்படியே விட்டுவிட்டால், அடுத்த புதுப்பித்தலில் அதே பொதிகள் மறுபடியும் போகும்.

கட்டளைகளுக்கிடையே உள்ள பேதத்தை இங்கே சொல்லியாகவேண்டும். ‘ஆப்ட் அப்கிரேட்’ என்பது அவசியமானால் புதிய பொதிகளைச் சேர்க்கும். இருப்பவற்றில் எதனையும் ஒருபோதும் நீக்காது. ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’ என்பது, தேவைப்பட்டால் நீக்கவும் செய்யும். ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்று ஒரேயொரு செயலியைக் கேட்கும்போதுங்கூட வேறு பொதிகள் நீக்கப்படலாம் என்பதைப் பலர் அறியார்.

அதை உலகம் அறியச் செய்தது 2021 நவம்பரில் வெளியான ஒரு காணொளி. கனடாவைச் சேர்ந்த புகழ்பெற்ற கணினி நிகழ்ச்சியாளரான லைனஸ் செபாஸ்டியன், சிஸ்டம்76 நிறுவனத்தாரின் பாப் ஓஎஸ் என்னும் லினக்ஸிலே, விளையாட்டுக்களுக்கான ஸ்டீம் செயலியை நிறுவ முயன்றார். வரைகலைக் கடை அதனை நிறுவ மறுத்தது. அவர் முனையத்துக்குச் சென்று கட்டளை கொடுத்தார். ஸ்டீம் கேட்ட 32 பிட் பொதிகளும் கணினியிலிருந்த 64 பிட் பொதிகளும் அந்த வேளையில் ஒன்றுக்கொன்று பொருந்தாதிருந்தமையால், பணிமேடை முழுவதையும் நீக்கினாலன்றி ஸ்டீமைத் தர இயலாது என்ற முடிவுக்கு ஆப்ட் வந்தது. தீங்கு விளையக்கூடும் என எச்சரித்து, மனம் மாறாவிட்டால் ‘ஆம், நான் சொல்வதைச் செய்’ என்னும் முழு வாக்கியத்தையும் எழுத்துப் பிசகாமல் அடிக்கும்படி கேட்டது. அவர் அடித்தார், பணிமேடை போயிற்று.

நம் ஊர்ப் புகையிரதப் பாதை இந்த இடத்தில் எனக்கு நினைவு வருகிறது. ரம்புக்கனைக்கு மேலே பாதை ஒற்றையாகி மலையேறுகையில், நிலையத்தார் கையளிக்கும் டெப்லட் என்னும் அனுமதி அடையாளம் தம் கைக்கு வராமல் சாரதி அடுத்த நிலையத்தை நோக்கி வண்டியை நகர்த்தமாட்டார். அத்தகைய பழங்காலச் சாதனங்கள், இலங்கைப் புகையிரதத்தின் 150ஆவது ஆண்டையொட்டி 2014 டிசம்பரில் இங்கே திறக்கப்பட்ட நூதனசாலையிலே பேணப்படுகின்றன. டெப்லட்டுக்கு அதிகாரம் வந்தது, அதைக் கையளிப்பவர் முன்னே பாதை காலியாயிருக்கிறதென்று நிச்சயித்த பின்னரே கொடுப்பதால். ஆப்ட் கேட்கும் ‘ஒய்’ என்னும் ஒற்றை எழுத்தும் அவ்வாறே ஒரு கையளிப்பு. பட்டியலைப் பாராமல் அதைத் தட்டுகிறவர், பாதையைப் பாராமல் அனுமதி கொடுத்தவராகிறார்.

ஆனாலும் பழி முழுவதையும் பாவனையாளர்மீது சுமத்த நான் சம்மதியேன். நூற்றுக்கணக்கான பொதிப் பெயர்கள் அடர்ந்து ஓடும் திரையிலே ஆபத்தான பெயர் எது என்று புதியவர் ஒருவர் எவ்வாறு அறிவார்? ஆப்டை ஆக்கியோரும் இதை உணர்ந்தே, அந்த 2021 நவம்பரிலேயே வெளிவந்த 2.3.12 பதிப்பில், கணினிக்கு இன்றியமையாதவை எனக் குறிக்கப்பட்ட பொதிகளைத் தீர்வுக்காக நீக்கும் வழியையே அடைத்தார்கள். டெபியன் 13 உடன் வரும் ஆப்ட் 3.0, நீக்கப்படுபவற்றைத் தனியே பிரித்துச் சிவப்பு நிறத்தில் காட்டுகிறது. எந்த அறிவுரையைக் காட்டிலும் இந்தச் சிவப்பு நிறம் அதிகம் பேரைக் காப்பாற்றும் என நம்புகிறேன்.

பாவனையாளர்பால் யாதொரு குற்றமும் இல்லாத நிகழ்ச்சிகளும் உண்டு. 32 பிட்டில் நேரத்தை எண்ணும் கணினிகளின் கணக்கு 2038 ஜனவரி 19ஆந் திகதியோடு நிரம்பிவிடும். அதற்குப் பரிகாரமாக டெபியனிலே நேரத்தை 64 பிட்டாக மாற்றும் பெருவேலை 2024இன் ஆரம்பத்தில் நடைபெற்றது. பல நிரல் நூலகங்களுக்கு, முடிவிலே டி64 என்ற ஒட்டுடன், புதுப்பெயர் சூட்டப்பட்டது. உதாரணமாக லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆயிற்று. புதுப்பெயர் பெற்ற நூலகம் பழையதன் ஸ்தானத்தை எடுத்துக்கொள்ள, அதற்கேற்ப மறுபடி தொகுக்கப்படாத செயலிகள் நடுவிலே தொங்கின. அந்த வாரங்களில் டெபியனின் நிலையற்ற கிளையில் ‘ஃபுல்-அப்கிரேட்’ கொடுத்தவர்கள் நீண்ட நீக்கப் பட்டியல்களைக் கண்டார்கள். ‘என்’ என்று மறுத்து, களஞ்சியம் நிலைபெறும்வரை பொறுத்திருந்தவர்களுக்கு யாதொன்றும் குறையவில்லை. இத்தகைய வேளையில் பொறுமையே பரிகாரம்.

இனி, பொதிகள் போய்விட்டன என்றே வைத்துக்கொள்வோம். முதற்காரியம், சாட்சியத்தை வாசிப்பது. ‘வார்’ என்னும் கோப்புறையினுள் ‘லாக்’, அதனுள் ‘ஆப்ட்’, அதனுள் ‘ஹிஸ்டரி.லாக்’ என்றொரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு நடவடிக்கையும் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எந்தக் கட்டளையால் நிகழ்ந்தது, எவை சேர்ந்தன, எவை உயர்ந்தன, எவை நீங்கின என்பவை அதிலே வரி வரியாகப் பதிவாகியிருக்கின்றன. ‘ரிமூவ்’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதே நடவடிக்கையின் கட்டளை வரியையும் சேர்த்து வாசியுங்கள். காரணத்தின் பாதி அங்கேயே கிடைத்துவிடும். கட்டளை ‘ஆட்டோரிமூவ்’ என்றிருந்தால், பிற பொதிகளின் பொருட்டு வந்து, பிறகு எதற்கும் தேவைப்படாதவை எனக் கருதப்பட்டவை நீங்கியிருக்கின்றன என்று பொருள். திரும்ப நிறுவியபின் ‘ஆப்ட்-மார்க் மேனுவல்’ கொடுத்தால், அது உங்கள் விருப்பத்தால் நிறுவப்பட்டதாகக் குறிக்கப்பட்டு, அடுத்த துப்புரவுக்குத் தப்பும்.

கட்டளை ‘ஃபுல்-அப்கிரேட்’ ஆகவோ ‘இன்ஸ்டால்’ ஆகவோ இருந்தால், போன பொதியின் பெயரோடு ‘ஆப்ட்-கேஷ் பாலிசி’ என்று கேளுங்கள். அந்தப் பொதியின் எந்தப் பதிப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து கிடைக்கிறது என்று அது சொல்லும். உபுண்டுவின் சொந்தக் களஞ்சியம் ஒரு பதிப்பையும், நீங்கள் எப்போதோ ஒரு செயலிக்காகச் சேர்த்து மறந்துபோன பிபிஏ என்னும் வெளியார் களஞ்சியம் இன்னொரு பதிப்பையும் தருவதைக் கண்டால், குற்றவாளி அகப்பட்டார் என்று கொள்ளலாம். அந்த அந்நியக் களஞ்சியத்தை நிறுத்தி, ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்து, அடுத்த படிக்கு வாருங்கள்: நீக்கப்பட்டவற்றை நிறுவும் கட்டளையோடு ‘-எஸ்’ என்பதைச் சேர்த்தால், எதையும் மாற்றாமல் ஒத்திகை மாத்திரம் நடக்கும். ஒத்திகையிலே நீக்கப் பட்டியல் வெறுமையாக இருந்தால் மெய்யாகவே நிறுவுங்கள்.

பணிமேடையே போய்விட்டவர்கள், கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒன்றாக அழுத்தி எழுத்து முனையத்தில் நுழையலாம். வைஃபை இயங்காவிட்டால், கைத்தொலைபேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து டேட்டாவைப் பகிர்ந்தால் பெரும்பாலும் வழி திறக்கும். உங்கள் கடிதங்களும் படங்களும் பாடக் குறிப்புக்களும் இருக்கும் வீட்டுக் கோப்புறையை ஆப்ட் தீண்டுவதில்லை; ‘பர்ஜ்’ என்று கேட்டாலன்றிப் பொதிகளின் அமைப்புக் கோப்புக்களையும் அது விட்டுவைக்கிறது. ஆகையால் மறுபடி நிறுவிய செயலி, கூடியவரை பழைய கோலத்திலேயே திரும்பி வரும்.

டெபியன் குடும்பத்தைச் சேராத ஃபெடோரா லினக்ஸின் வழி இன்னும் சுலபமானது. நம் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கி, இலங்கைப் பாவனையாளருக்காக ஆக்கப்பட்ட ஹந்தானா லினக்ஸ் ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டதே. அக்குடும்பத்தில் ஆப்டின் இடத்தில் இருப்பது டிஎன்எஃப் என்னும் கருவி. ‘டிஎன்எஃப் ஹிஸ்டரி’ என்றால், நடந்த காரியங்கள் இலக்கமிட்ட பட்டியலாக வரும். ‘டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ’ என்பதோடு அந்த இலக்கத்தைக் கொடுத்தால், பழைய பதிப்புக்கள் களஞ்சியத்தில் இன்னும் கிடைக்குமாயின், அந்த நடவடிக்கை முழுவதும் பின்னோக்கித் திருப்பப்படும். முரண்படும் பொதிகளை நீக்கித் தீர்வு காண டிஎன்எஃப் தானாக முனையாது. ‘அலவ்இரேசிங்’ என்று நீங்கள் சேர்த்தாலே அந்த உரிமை அதற்குக் கிடைக்கும். எங்கோ கண்ட கட்டளையில் அந்தச் சொல் இருந்தால், அடிப்பதற்கு முன் நிதானியுங்கள்.

கடைசியாக ஒரு ஜாக்கிரதை. ஒரு பொதி மறுபடி மறுபடி நீங்குகிறதென்று ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ கொடுத்து அதை ஆணியடித்து நிறுத்துவோர் உண்டு. தற்காலிகமாக அது சரியே. ஆனால் நிறுத்திய பொதிக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் வந்து சேரமாட்டா. நாளடைவில் அதைச் சுற்றியுள்ளவை உயர, அதுவே அடுத்த முரண்பாட்டுக்கு வித்தாகும். களஞ்சியம் சீரானதும் ‘அன்ஹோல்ட்’ கொடுத்து விடுவித்துவிடுங்கள். எவை நிறுத்தப்பட்டிருக்கின்றன என்பதை ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ காட்டும்.